ஒன்பது வெள்ளிக்கு ஒரு கடல்

நள்ளிரவு விற்பனை தொடங்கியபோது
தண்ணித்தொட்டி மேட்டில் உட்கார்ந்திருந்தேன்.
மூன்றாம் டிவிசனில் அங்கே மட்டும்தான்
இரண்டு கோடு வரும்.
காலடியில் கொசுவத்தி, மடியில் பவர்பேங்க்.
உங்களுக்கு முன்னால்
நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஏழு பேர்
என்றது திரை.
இத்தனை பேரா தூங்காமல் இருக்கிறார்கள்
ஒன்பது வெள்ளியை நம்பி?

கூச்சிங். போக ஒன்பது, வர ஒன்பது.
வரியும் இன்னதும் சேர்ந்து எழுபத்து நான்கு.
இருக்கை தேர்ந்தெடுக்கிறீர்களா? வேண்டாம்.
பெட்டி? வேண்டாம்.
சூடான நாசி லெமாக்? வேண்டாம்.
காப்புறுதி?
கொஞ்சம் யோசித்து, வேண்டாம்.
இத்தனை வேண்டாம் சொல்லியும்
எனக்கு ஒன்று கிடைத்தது
அன்றைக்குத்தான்.

தங்க இடம் பார்த்தது நளாயினி.
கையுறைக் கம்பெனியில் எனக்கு அடுத்த மெஷின்.
'விலை குறைந்தது முதலில்' என்கிற பொத்தானை
அவள் கட்டைவிரல் கண்ணை மூடிக்கொண்டே தொடும்.
பதினெட்டு வெள்ளி, மேல்தட்டுக் கட்டில்,
எட்டுப் பேருக்கு ஒரு காற்றாடி.
சுவரில் பல்லி என்று
ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார் ஒரு நார்வேக்காரர்.
சிரித்தபடியே பணம் கட்டினாள்.

பீடோரிலிருந்து பஸ் இருபத்தொன்று,
கூப்பன் போட்டுப் பதினாறு.
எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.
வீட்டிலிருந்து பீடோருக்குக் காடி தேடினேன்.
பதினான்கு கிலோமீட்டர்.
நாற்பத்திரண்டு வெள்ளி.

தென்சீனக் கடலைத் தாண்ட ஒன்பது.
செம்பனைக் காட்டைத் தாண்ட நாற்பத்திரண்டு.
வரைபடத்தில் எங்கள் ரோட்டுக்குப்
'பெயரில்லாச் சாலை' என்று பெயர்.
பச்சைக்கு நடுவில் ஒரு நீலப்புள்ளி, நான்.
கொஞ்சம் தள்ளி ஒரேயொரு காடி,
எந்நேரமும் அதே காடி,
அஸ்மானுடைய பழைய சாகா.

கையில் பணத்தை எண்ணியபடி
அழைக்கும் பொத்தானை அழுத்தினேன்.
அரை நிமிடத்தில் அவரே போன் செய்தார்:
அதை ரத்து பண்ணும்மா,
கையில் இருபது கொடு,
ஐந்தரைக்குக் கோயில் முன்னால் நில்.
ஏன் ரத்து செய்கிறீர்கள் என்று கேட்டது செயலி.
ஓட்டுநர் தாமதம். மனம் மாறிவிட்டது.
வேறு வண்டி கிடைத்தது.
எதுவும் பொய்யில்லை, எதுவும் உண்மையுமில்லை.
'மற்றவை'யைத் தொட்டேன்.

விடிகாலையில் முன்சீட்டில் ஷஹீதுல் இருந்தார்,
குலை வெட்டுகிறவர்,
ஊருக்குப் பணம் அனுப்பப் போகிறார்.
எங்கே என்றார். சொன்னேன்.
எவ்வளவு என்றார். திரையைக் காட்டினேன்.
எழுபத்து நான்கை
ஏதோ எண் விட்டுப்போனதுபோல் பார்த்தார்.
ஏஜண்டுக்கு நான் கட்டியது பதினெட்டாயிரம்,
இன்னும் மூன்று வருசம் கட்டணும்.
அப்புறம் மெதுவாக,
டாக்காவுக்குப் போட்டுப் பாருங்கள், சும்மா.

போட்டேன்.
போக மட்டுமா, போய்வரவா என்று கேட்டது.
அவரிடம் கேட்டேன்.
வெளிச்சம் படாத மரங்களைப்
பார்த்துக்கொண்டே வந்தார்.
வளைவில் கோடு இரண்டும் போய்
வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.
பெரிய ரோட்டில் ஏறியதும்
முந்நூற்று எண்பத்தொன்பது என்று வந்தது.
அப்போது அவர் இறங்கும் கடை
வந்துவிட்டது.

எங்களிடம் இருபது வாங்கிக்கொண்டார் அஸ்மான்.
அவரிடம் வாங்கவில்லை.
ஐந்து நட்சத்திரம் போடலாம் என்று தேடினேன்.
ரத்தான பயணத்துக்கு நட்சத்திரம் கிடையாதாம்.

நளாயினி தோளில் தட்டினாள்.
பஸ் நாற்பது நிமிடம் தாமதம் என்றது செயலி.
பஸ் எங்கள் முன்னால் நின்று
கதவைத் திறந்து வைத்திருந்தது.